பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கும் முன்: தண்ணீர் போன வழியைத் தேடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மைல் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். எம்எக்ஸ்-5 விஷயத்தில் அது இரண்டாவது கேள்வி. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்திருந்தால் இதன் இஞ்சின் ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டியும் முணுமுணுக்காமல் ஓடும். இந்தக் காரைக் கொல்வது துரு. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைத் தூவும் பிரிட்டன் போன்ற நாட்டில் இருபது, முப்பது வருடம் ஓடிய காரில், பெயின்ட் பளபளப்பாக இருந்தும் அடியில் தகடு பொரிந்து கிடக்கும். 40,000 மைல் ஓடிய துருப்பிடித்த காரைவிட 1,40,000 மைல் ஓடிய உலர்ந்த கார் மேல். இஞ்சினைக் கழற்றி வேறொன்று வைப்பது ஒரு வார இறுதி வேலை. பாடியை அப்படி மாற்ற முடியாது.

இங்கே சொல்வது முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றி: 1989 முதல் 1997 வரை வந்த, ஹெட்லைட் மேலெழும் என்ஏ, 1998 முதல் 2005 வரை வந்த என்பி. பார்க்கும் இடம் பிரிட்டன். இந்தியாவில் இந்தக் கார் விற்பனைக்கு வந்ததே இல்லை.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை

விளம்பரத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், அரசின் இணையதளத்தில் அந்தக் காரின் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் படித்துவிடலாம். 2005இலிருந்து பதிவுகள் இருக்கும். தேறியதா தேறவில்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வருடமும் சோதித்தவர் எழுதிய அறிவுரைக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். ஒரு வருடம் "பின்பக்க சில்லில் லேசான துரு" (சில் என்பது கதவுக்குக் கீழுள்ள பகுதி), மறு வருடம் அதே குறிப்பு, அதற்கடுத்த வருடம் குறிப்பே இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: யாரோ சரியாக வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள், அல்லது மேலே கறுப்பாக எதையோ பூசி மறைத்திருக்கிறார்கள். வெல்டிங் செய்ததற்கு ரசீதும் படமும் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாவதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எம்ஓடி சோதிப்பவர் பிளாஸ்டிக் மூடிகளையும் கார்ப்பெட்டையும் கழற்றிப் பார்க்க மாட்டார். போன மாதம் தேறியது என்பதால் அடித்தகடு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

மைலேஜ் எண்களையும் அதே பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார், என்ஏ என்றால் 'யூனோஸ் ரோட்ஸ்டர்', என்பி என்றால் 'மஸ்டா ரோட்ஸ்டர்' என்ற பெயரில் இருக்கும். அதில் மீட்டர் கிலோமீட்டரில் தொடங்கி நடுவில் மைலுக்கு மாறியிருக்கலாம், ஆகவே எண் குழம்பினால் உடனே மோசடி என்று முடிவு கட்டாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறக்குமதிக் காரை ஒதுக்கவும் வேண்டாம். உப்பு அதிகம் படாத ஊரிலிருந்து வந்து, இங்கே சமீபத்தில் இறங்கியதென்றால் அதன் அடிப்பகுதி இங்கேயே ஓடிய காரைவிடச் சுத்தமாக இருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்பே இறங்கிவிட்டதென்றால் அந்தச் சாதகம் கரைந்திருக்கும்.

வி5சி பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் காரில் உள்ளதும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்த பதிவு இவற்றுக்குக் கட்டணம் கட்டிப் பார்க்கும் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். லண்டனில் இருப்பவர்கள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் எல்லை) பக்கத்தில் நம்பரை அடித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஹாரோ முதல் ஈஸ்ட் ஹாம் வரை மாநகரம் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. தேறாத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. என்பியில் சில தேறும், சில தேறாது. விற்பவரின் வாய்ச்சொல் இதில் உதவாது.

எந்த இஞ்சின் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தொடக்க கால 1.6 லிட்டர் ஏறத்தாழ 115 குதிரைத்திறன். 1.8 லிட்டர் என்ஏ 130ஐ ஒட்டி. ஆனால் 1995க்குப் பிறகு பிரிட்டனில் விற்ற 1.6ஐ 90க்குக் குறைத்துவிட்டார்கள். பார்வைக்கு அச்சு அசலாக ஒரே கார்தான், ஓட்டும்போது ஏமாற்றம். இது தெரியாமல் வாங்கிவிட்டு இஞ்சினில் கோளாறு என்று அலைபவர்கள் உண்டு.

கையில் என்ன கொண்டுபோவது

நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், முழங்கால் போட ஒரு விரிப்பு. முடிந்தால் டிராலி ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். மழைக்கு மறுநாள் போவது நல்லது. விற்பவரிடம் இஞ்சினை முன்கூட்டியே சூடு பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கூரையிலிருந்து சில்லுக்கு

இந்தக் காரின் துருக்கதை துணிக்கூரையில் தொடங்குகிறது. கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீரைச் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாய்க்கால் வாங்கி, இரண்டு மூலைகளில் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறக்கும். அவை பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் திறக்கின்றன. மரத்தடியில் நிறுத்திய காரில் இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைபடும். அடைபட்டால் தண்ணீர் தேங்கி வழிந்து கார்ப்பெட்டுக்கும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில்லுக்குள்ளும் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சில் உள்ளிருந்து அழுகும்.

சோதிப்பது எளிது. கூரையை மடித்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூணை ஒட்டிய மூலையில் டார்ச் அடித்தால் வடிகால் வாய் தெரியும். அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில வினாடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஒழுக வேண்டும். தயங்கித் தயங்கிச் சொட்டினால் பாதி அடைப்பு. எதுவுமே வரவில்லையென்றால் ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் இப்போது சில்லுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மறுபக்கமும் இதையே செய்யுங்கள். பிறகு சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் தட்டினாலோ, மூடி வைத்த ஈரத்துணி வாடை வந்தாலோ, இது இன்று நேற்று வந்த கசிவு இல்லை.

இனி சில். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கடைசி ஒரு சாண் நீளத்தில்தான் எல்லாம் நடக்கும். பெயின்டில் சின்னக் கொப்புளம் இரண்டு தெரிந்தாலே உள்ளே துளை விழுந்திருக்கும் என்று கொள்ளுங்கள், ஏனென்றால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. காந்தத்தைச் சில்லின் நடுவில் வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். சட்டென்று பிடிப்பு தளர்ந்தால் அங்கே தகட்டின் மேல் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். பிறகு அடியில் குனிந்து, தகடுகள் சேரும் விளிம்பை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்று ஒலிக்கும். அழுகியது 'தொப்' என்று அடங்கும். அனுமதி வாங்கிக்கொண்டு முனையால் அழுத்துங்கள். பப்படம் போல நொறுங்கினால் பேரம் பேச வேண்டியதில்லை, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அந்த விளிம்பிலேயே ஜாக்கி வைத்து நசுக்கியிருப்பார்கள். நசுங்கிய இடத்தில் பெயின்ட் விரிந்து, அங்கும் துரு தொடங்கும். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் முன்பக்கம் குறுக்காக ஓடும் கிராஸ்மெம்பரின் நடு, பின்பக்கம் இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் கூட்டின் அடி.

என்பியின் முன் ரெயில்

என்பி வாங்குபவர்கள் சில்லைவிட இதற்குப் பயப்பட வேண்டும். இஞ்சினின் இரு பக்கமும் முன்னோக்கி ஓடும் சேசிஸ் ரெயில் என்பியில் தகட்டுக்குள் தகடாக, அடுக்காகச் செய்யப்பட்டது. முன்சக்கரம் தெளிக்கும் சேறும் உப்புநீரும் ரெயிலுக்குள் புகுந்து அந்த இடுக்கில் தங்கிவிடும், வெளியேறாது. அடுக்குகளுக்கு நடுவே துரு பருத்துத் தகட்டைப் பிதுக்கும். என்ஏவில் இந்த அமைப்பு இல்லாததால் இந்தத் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் வயதில் மூத்த என்ஏ சில சமயம் இளைய என்பியைவிட உறுதியாக இருக்கிறது.

முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) பிடிக்கும் பிராக்கெட்டைத் தேடுங்கள். அதைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் ரெயிலின் அடித்தளம் நேராக, தட்டையாக இருக்க வேண்டும். வயிறு தள்ளியது போல உப்பியிருந்தால், விளிம்பில் தகடு இதழ் இதழாகப் பிரிந்திருந்தால், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. மோதலில் உங்களைக் காப்பாற்ற வேண்டிய பாகம் இது. அதற்கான ரிப்பேர் தகடுகள் கிடைக்கின்றன. ஆனால் இஞ்சின் அறையைச் சுற்றி நிறையக் கழற்ற வேண்டும், இந்தக் காரில் பழகிய வெல்டர் வேண்டும். காரின் விலையைத் தொடும் செலவாகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகத் தடித்த கறுப்பு ரப்பர் பூச்சு இருந்தால், "நல்லா பாதுகாத்திருக்காங்க" என்று மகிழ வேண்டாம். துருவின் மேல் பூசிய ரப்பர் ஈரத்தை உள்ளே அடைத்து இன்னும் வேகமாகத் தின்னவைக்கும். அக்கறையுள்ள சொந்தக்காரர் ஒளி ஊடுருவும் மெழுகுப் பூச்சு அடித்திருப்பார், அதன் வழியாகத் தகடு தெரியும்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. இந்தக் காருக்கான பேட்டரியில் வாயுவை வெளியேற்றும் குழாய் இணைப்பு உண்டு. மலிவாக வேறு பேட்டரி வைத்து அந்தக் குழாயை விட்டுவிட்டால் அமில ஆவி டிக்கித் தரையை அரிக்கும். பேட்டரித் தட்டுக்கு அடியில் பெயின்ட் பொடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இஞ்சின்

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஏவில் முதலில் 'டிக் டிக்' என்று தையல் மிஷின் போலச் சத்தம் வரலாம். வால்வுகளுக்கு மேலுள்ள ஹைட்ராலிக் லிஃப்டர்களுக்குள் ஆயில் நிறைய நேரம் எடுப்பதால் வரும் சத்தம் அது. சில நிமிடத்தில் அடங்கினால் கவலையில்லை, புது ஆயில் ஊற்றினாலே பாதி குறைந்துவிடும். அடிப்பகுதியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் அது வேறு, அது பேரிங்.

1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டரில் மட்டும் ஒரு பிறவிக் குறை உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்மூக்கு குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்காமல் விட்டால், பல்சக்கரம் ஆட ஆரம்பித்து, அதை நகராமல் பிடிக்கும் சாவித்துண்டின் பள்ளம் தேயும். டைமிங் விலகும், இழுவை குறையும், கடைசியில் கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். கண்டுபிடிக்க, ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே டார்ச் அடித்துக் கீழ்ப் புல்லியின் நடுவைப் பாருங்கள். நான்கு வெட்டுகள் தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிந்தைய திருத்திய வடிவம். குட்டை மூக்கு என்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடாமல் நேராகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் விட்டுவிடுங்கள்.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். என்ஏவில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, கார் நின்றுவிடும், அவ்வளவுதான். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவது நல்லது, ஏனென்றால் பம்ப்பைத் தொட பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

என்ஏவில் ஆயில் கசிவைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். இஞ்சின் தலையின் பின்புறம், இஞ்சின் அறையைச் சீட்டுப் பகுதியிலிருந்து பிரிக்கும் தீச்சுவரை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் கல்லாக இறுகி ஆயில் ஒழுகும். அது கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டுவதால் கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது போலத் தெரியும். மெக்கானிக்கிடம் போனால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். சென்சாருக்குக் கீழே விரலை நீட்டித் தடவுங்கள். அங்கே ஈரம் என்றால் சில பவுண்டு ரப்பர் வளையத்தோடு முடிந்தது.

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு, வயதானால் பழுப்பு. பழுப்பாகிவிட்டால் வெடிக்க நாள் பார்க்கிறது என்று அர்த்தம். வாங்கியதும் மாற்ற ஒதுக்கிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரில் மூடியைத் திறந்தால் துருநிறம் தெரியும். மூடியைக் குளிர்ந்த இஞ்சினில் மட்டும் திறக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது, எண் பெரிதாக இருப்பதைவிட முக்கியம்.

ஓட்டிப் பார்க்கும்போது

கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று மறுத்தால், கிளட்ச் தகட்டைக் குறை சொல்லும் முன் கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள, கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். இந்தக் காரில் அது அடிக்கடி ஒழுகும், பாகமும் மலிவு. குளிரில் இரண்டாம் கியர் சற்று அடம்பிடிப்பது சகஜம். பத்து மைல் ஓடியும் அப்படியே இருந்தால், கியர் விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. நான்காம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. திணறித் துள்ளினால் ஸ்பார்க் பிளக் வயர்களில் தொடங்குங்கள்.

ஹேண்ட்பிரேக் மேலே மேலே வருகிறதென்றால், பிரேக் பேடுகளை அழுத்தும் பின் கேலிப்பரின் உள்வேலை இறுகியிருக்கலாம். அல்லது வெறும் அட்ஜஸ்ட்மென்ட். கேலிப்பரின் பின்னால் 14 மிமீ போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் கீ நுழையும் திருகு இருக்கும். சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களின் அருகே கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தக் கேலிப்பர் சிக்கியிருக்கிறது.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், "அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடும்" என்பார்கள். பண்ண முடிந்தால்தானே! சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு நீள போல்ட்களைத் திருப்பித்தான் அலைன்மென்ட் செய்வது. அவை ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிக்கொண்டால் அறுத்து எடுக்க வேண்டும், ஒரு நாள் கூலி. சமீபத்திய அலைன்மென்ட் தாள் இருந்தால் அது பெரிய சொத்து.

லிமிடெட் ஸ்லிப் டிஃப் (ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால் நம்பாமல் சோதியுங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் உண்டு. எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃப், அல்லது வேலை செய்யாத பழைய விஸ்கஸ் (கெட்டித் திரவத்தால் இயங்கும்) வகை.

டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெயில்நாளில் மட்டும் வெளியே வரும் கார்களில் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். பட்டை ஆழமாக இருந்தும் ஈரச்சாலையில் பிடிக்காது. என்ஏவின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியை ஜிப் திறக்காமல் மடித்து மடித்துக் கீறியிருப்பார்கள். கூரைத் துணி முழுதாக மாற்றுவதானால் நல்ல தொகை.

விலை பேசும்போது

கிளட்ச் ஸ்லேவ், ரேடியேட்டர், கேலிப்பர், டயர், ஓ-ரிங், பெல்ட் எல்லாமே விலையில் கழிக்க வேண்டியவை, காரை மறுக்கக் காரணமில்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. இவ்வளவு விற்ற காருக்குப் பாகம் கிடைப்பது பிரச்சினையே அல்ல. என்பியின் அழுகிய முன் ரெயில், இரு பக்கச் சில்லும் சேர்ந்து போனது, தள்ளாடும் கிராங்க் புல்லி, பொருந்தாத சேசிஸ் எண்: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மலிவு என்ற ஆசையில் வாங்கிய அழுகல் காருக்கு வெல்டிங் செய்யும் பணத்தில் முதலிலேயே நல்லதை வாங்கியிருக்கலாம்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் வடிகால்களைச் சுத்தம் செய்யுங்கள். புல்வெட்டி இயந்திரத்தில் போடும் நைலான் கயிறு அதற்குப் போதும். காற்றழுத்தம் செலுத்த வேண்டாம், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகச் சில்லுக்குத்தான். இஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், ஐந்து கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90 ஆயில் இரண்டு லிட்டர் என அத்தனை திரவத்தையும் மாற்றித் தேதியை எழுதி வையுங்கள். சில் உலர்ந்திருக்கும் கோடையிலேயே உள்ளே மெழுகு அடித்துவிடுங்கள். அக்டோபருக்குள் முடித்துவிட்டால் உப்பு விழும்போது கார் தயாராக இருக்கும்.